கார்லோ என்றொரு கோப்பு

என் அண்ணன் கார்லோ காலையில் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, கணினி முன்னால் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிடுவார். அன்றும் நான் எழுந்து வரும்போது, ஏரிப் பக்கத்து ஜன்னலருகே, கம்பளிச் சட்டைப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டுக்கொண்டு, கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அந்தத் திரையில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது, எழுத்துகள் மட்டும்தான். எல்.எஸ். என்று தட்டினால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டும். எம்.வி. என்றால் ஒன்றைத் தூக்கி இன்னோர் இடத்தில் வைக்கும். ஆர்.எம். என்றால் அழித்துவிடும், நிச்சயம்தானா என்று ஒரு வார்த்தை கேட்காது. ஃபின்லாந்தில் குவோபியோ பக்கம் ஒரு கணினி மையத்தில் ஆயுசு முழுக்க அவர் பார்த்த வேலை இது. மனைவி பெயர் மறந்துவிட்டது. எங்கள் அம்மா இறந்துபோனது மறந்துவிட்டது. நான் அவர் தம்பி ரெய்னோ என்பதும் மறந்துவிட்டது. இது மட்டும் விரல்களில் அப்படியே இருந்தது.

"வாப்பா டேப்பு" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "ராத்திரி எவனோ பூந்து எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுட்டுப் போயிருக்கான். பாரு, மழை அளவு எடுத்த ஃபைலெல்லாம் சம்பளக் கணக்குல கிடக்குது."

"யாரா இருக்கும் சார்?"

"ஸ்டூடன்ட்ஸ்தான். வேற எவனுக்கு இவ்வளவு கொழுப்பு?"

நான் சின்ன வயதில் கொஞ்ச காலம் அதே மையத்தில் டேப் மாற்றும் வேலை பார்த்தேன். அந்த ரெய்னோவை அவருக்கு அவ்வப்போது தெரியும், தம்பி ரெய்னோவைத்தான் தெரியாது. ஒருமுறை பழக்க தோஷத்தில் "அண்ணா" என்று கூப்பிட்டுவிட்டேன். யாருடா உனக்கு அண்ணன் என்பது போல முறைத்தாரே ஒரு முறைப்பு, அன்று முழுக்க என்னைக் கிட்டவே சேர்க்கவில்லை. அதிலிருந்து சார்தான். சார் என்றால் சமாதானமாக இருக்கிறார்.

எல்லாவற்றையும் ராத்திரி கலைத்துப் போடுவது ஸ்டூடன்ட்ஸ் இல்லை, என் அண்ணி ஹில்க்கா. போன குளிர்காலத்தில் கார்லோ வீட்டில் இருப்புக்கொள்ளாமல், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று உறைந்த ஏரி மேல் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு தடவை அக்கம்பக்கத்தவர்கள் பனிச்சறுக்கு வண்டியில் வைத்து இழுத்து வந்தார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார், மாத்திரையில் ஆள் தூங்கி வழிந்தாரே தவிர மனுஷராக இல்லை. கணினி வேலை தெரிந்த ஹில்க்கா யோசித்துப் பார்த்துவிட்டு, சௌனா என்கிற நீராவிக் குளியலறைப் பக்கத்து அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய கணினியைத் தூசு தட்டி, அதற்குள் கார்லோவுக்கென்று ஒரு விளையாட்டுத் திடல் கட்டிக் கொடுத்தார். ஒன்றுக்கும் உதவாத ஆயிரக்கணக்கான கோப்புகள். ஒவ்வொரு மாலையும் ஒரு சின்ன நிரலை ஓட்டி அவற்றைக் கன்னாபின்னாவென்று கலைத்து விடுவார். ஒவ்வொரு காலையும் கார்லோ எழுந்து, திட்டிக்கொண்டே அடுக்குவார். அடுக்கி முடித்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை தவிர அவர் ஏரிக்குப் போகவில்லை.

அவர் அடுக்குகிற விதம்தான் எனக்கு விளங்காது. நான் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பேன். 'மழை' என்று ஒரு கோப்புறை, அதற்குள் 'பழைய மழை'. 'காப்பி' என்பதற்குள் ஏரி வரைபடங்கள். 'நாளைக்கு' என்று ஒன்று வைத்திருந்தார், அதற்குள் எட்டிப் பார்த்தால் வெறும் பெயர்கள். பூட்ஸ். துடுப்புச் சத்தம். அம்மா. ஒன்றிலும் ஒரு எழுத்துகூட உள்ளே இல்லை, எல்லாம் காலிக் கோப்புகள். தூக்கத்தில் காண்கிற ஊருக்குள் நடந்து போவது மாதிரி இருக்கும் எனக்கு. தெருவெல்லாம் தெரிந்த தெரு, ஆனால் எது எதற்குப் பக்கத்தில் என்பதுதான் மாறிப்போயிருக்கும். ஜூன் மாதம் வேறு. சூரியன் இறங்குவது போல் பாசாங்கு செய்துவிட்டு மறுபடி ஏறிவிடுகிற நாட்கள். எப்போது தூங்கினோம் எப்போது விழித்தோம் என்பது எனக்கே நிச்சயமில்லாதபோது, அவரைச் சொல்லி என்ன குற்றம்?

வருஷத்தில் ஒரு வாரம் நான் இங்கே வந்து தங்குவது, அண்ணி கொஞ்சம் மூச்சு விடட்டும் என்றுதான். ஆனால் அவர் எங்கேயும் போவதில்லை. அன்று காலை சமையலறையில் ரை மாவு அப்பத்தின் மேல் முட்டையும் வெண்ணெயும் மசித்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாங்க அண்ணி. நான்தான் இருக்கேன்ல."

"நீ இருந்து? போன வருஷம் நீ இருந்தப்போதான் ரெண்டு பேரும் சேர்ந்து சௌனா அடுப்புல சாக்ஸைப் போட்டீங்க."

"அது விறகுன்னு நினைச்சேன்."

"அதைத்தான் சொல்றேன். ஒருத்தரைப் பாத்துக்கறதே பெரும்பாடு." அப்பத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம்தான் பாக்கி இருக்கு ரெய்னோ" என்றார்.

எதில் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

நினைவு போய்விடும், ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்ன அந்த இலையுதிர் காலத்தில், கார்லோ படகுக் கொட்டகைக்குள் ஒரு மைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதல் பனி விழும் வரை தினமும் போனார். ஹில்க்காவிடம் பேசினார், அவர் எதிரில் இல்லாமல். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்டாலே அது நீண்ட உரையாடல். அப்படிப்பட்ட மனிதர் மணிக்கணக்காகப் பேசி, எல்லாவற்றையும் ஒரே நீளக் கோப்பாகச் சேர்த்து, "இப்ப கேக்காத, அப்புறமா" என்று சொல்லி ஹில்க்காவிடம் கொடுத்தார். மனைவியையே 'அந்தம்மா' என்று கார்லோ கூப்பிட ஆரம்பித்த வாரம் ஹில்க்கா கேட்கத் தொடங்கினார். தினம் மத்தியானம், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காப்பி குடிக்கிற நேரத்துக்கு மட்டும். அந்தக் கோப்பையும் அதே அலமாரிக் கணினியில்தான் போட்டிருந்தார், அவர் அறையிலும் அதற்கு ஒரு திரை உண்டு. கேட்டுவிட்டு, அந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பார். ஒலிப்பானை மூட மாட்டார். குளிர்காலத்தில் திறந்தது, இன்னும் திறந்தபடியேதான் இருக்கிறது.

"ஒரேயடியா கேட்டு முடிச்சுட்டா என்ன அண்ணி? மறுபடி முதல்லேருந்து கேளுங்களேன்."

"மறுபடி கேக்கறது வேற. இன்னும் கேக்காதது இருக்கறது வேற." காப்பியைக் கலக்கினார். "கேக்காதது இருக்கற வரைக்கும் அவரு என்கிட்ட இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருக்குன்னு அர்த்தம். முடிஞ்சுபோச்சுன்னா சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. உனக்குப் புரியாது, நீ கல்யாணமே பண்ணிக்கல."

புரிந்தது. ஆனால் அப்பத்தை வாயில் அடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

இதில் ஒரு சிக்கல், கார்லோவுக்கு அந்தக் குரலைப் பிடிக்கவே பிடிக்காது. மரச் சுவர். எவ்வளவு மெல்ல வைத்தாலும் இந்தப் பக்கம் முணுமுணு என்று கேட்கும். "யாருப்பா அந்த ஆளு? எப்பப் பாத்தாலும் அந்தம்மாகிட்ட தொணதொணன்னு பேசிக்கிட்டே இருக்கான்" என்பார். ஒருநாள் ஹில்க்காவே சொல்லிப் பார்த்தார், அது நீங்கதான் என்று. கார்லோ விழுந்து விழுந்து சிரித்தார். "நானா? இவ்வளவு பேச்சா? ஆளை விடும்மா, நான் ஃபின்லாந்துக்காரன்." சிரித்துவிட்டார், ஆனால் பொறாமை போகவில்லை. மத்தியானம் அந்தக் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிடும்.

அன்று மத்தியானம் காற்றே இல்லை. பிர்ச் மரங்களின் மகரந்தம் ஏரி மேல் மஞ்சள் தோலாகப் படிந்திருந்தது, எங்கோ ஒரு குயில் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது. நான் கார்லோவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பாதிக் கண் மூடியிருந்தேன். அடுத்த அறைக் கதவு சாத்திய சத்தம். கொஞ்ச நேரத்தில் குரல் தொடங்கியது. படகுக்கு மோட்டார் வாங்குவது பற்றி ஏதோ பழைய சண்டை. "...நீ சொன்னது சரிதான் ஹில்க்கா. ஆனா அப்ப ஒத்துக்கிட்டிருந்தா நீ அடுத்தது தோணியை விக்கச் சொல்லியிருப்பே..." எனக்குத் தூக்கத்திலேயே சிரிப்பு வந்தது.

"இன்னுமா பேசறான்?" என்றார் கார்லோ. "நான்தான் அவனைத் தூக்கிட்டேனே."

"யாரை சார்?"

"அந்த ஆளைத்தான். காலையிலயே ஆர்.எம். போட்டுட்டேன். எம்மாம் பெரிய ஃபைல் தெரியுமா? டிஸ்க்ல பாதி அவன்தான் உக்காந்திருந்தான்."

முதலில் நான் பதறவில்லை. அவருடைய திடலுக்குள் என்ன அழித்தாலும் ஒரு நஷ்டமும் இல்லை, அப்படித்தான் ஹில்க்கா வேலி கட்டியிருந்தார். வெளியே உள்ள எதையும் அவரால் தொட முடியாது. சும்மா ஒரு பார்வைக்குத் திரையைப் பார்த்தேன். வரியின் தொடக்கத்தில் வழக்கமான டாலர் குறி இல்லை. அந்த இடத்தில் # என்று நின்றது. எங்கள் தொழிலில் அந்தக் குறி நிற்கிறது என்றால் உட்கார்ந்திருப்பவர் சாதாரண ஆள் இல்லை, மொத்த இயந்திரத்துக்கும் எஜமானர். எந்த வேலியும் அவருக்கு வேலி இல்லை.

"சார், இதுக்குள்ள எப்படிப் போனீங்க?"

"பாஸ்வேர்டு போட்டுத்தான். வேற எப்படிப் போவாங்க?"

"என்ன பாஸ்வேர்டு?"

வாயைத் திறந்தார். யோசித்தார். கண்களில் அந்தக் குழப்பம் வந்தது, காலையில் எந்தக் காலில் எந்தச் செருப்பு என்று நிற்கும்போது வருகிற அதே குழப்பம். "தெரியலையேப்பா" என்றார். பிறகு கைகளைத் தூக்கி என்னிடம் காட்டினார். "இதுக்குத் தெரியும்."

ஹில்க்கா எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றியிருந்தார், இந்த ஒன்றைத் தவிர. கார்லோ அந்தக் காலத்தில் வைத்தது. மாற்ற மனசு வரவில்லை, எப்படியும் அவருக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைத்துவிட்டார். தலைக்கு மறந்துதான் போயிருந்தது.

எனக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. "சார், அந்த ரெண்டாவது டிஸ்க்கைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றேன். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் இருக்கட்டும் என்று ஹில்க்கா இரண்டாவது டிஸ்க் ஒன்றை மாட்டி, மணிக்கொரு தரம் முதலாவதைப் பார்த்து அச்சாக அதே போல ஆக்கிக்கொள்ளும்படி வைத்திருந்தார். பெரிய பெருமை அதில் அவருக்கு. கார்லோ எல்.எஸ். தட்டினார். அங்கேயும் இல்லை. அச்சாக அதே போல என்றால் அதுதானே அர்த்தம். இங்கே காலையில் ஒன்று அழிந்தது, அடுத்த மணியில் அது கீழ்ப்படிந்து தானும் அழித்துக்கொண்டது. இருப்பதை மட்டும் இல்லை, இல்லாததையும் நகலெடுக்கும் என்பதை எங்களைப் போன்றவர்கள்தான் வசதியாக மறப்போம்.

ஆக, போய்விட்டது. அண்ணன் ஹில்க்காவுக்கென்று பேசிய அத்தனையும், அவர் இன்னும் கேட்காமல் சேர்த்து வைத்திருக்கிற அந்தக் கொஞ்சமும். சுவருக்கு அந்தப் பக்கம் இது எதுவும் தெரியாமல் அவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. போய்விட்டதென்றால், பேசிக்கொண்டிருப்பது யார்?

இந்த இயந்திரங்களின் குணம் ஒன்று உண்டு. ஆர்.எம். கோப்பை அழிப்பதில்லை, அதன் பெயரைத்தான் அழிக்கிறது. எந்தக் கோப்புறையில் தேடினாலும் கிடைக்காது, இல்லவே இல்லை என்றுதான் இயந்திரம் சொல்லும். ஆனால் அந்தச் சமயத்தில் ஏதாவது ஒரு நிரல் அதைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டிருந்தால், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். பெயரும் இடமும் இல்லாமல், பிடித்திருக்கிற அந்த ஒரு கையை நம்பி. கையை எடுத்த கணம் நிஜமாகவே போய்விடும். குளிர்காலத்திலிருந்து ஹில்க்கா மூடாமல் வைத்திருக்கும் அந்த ஒலிப்பான்தான் இப்போது அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது ஓடும் வரைக்கும் அண்ணன் குரல் உயிரோடிருக்கும். யாராவது அதை நிறுத்தாதவரை, அதன் பிடியிலிருந்து அப்படியே பிரதி எடுத்துவிடலாம்.

எழுந்து அடுத்த அறைக்கு ஓட வேண்டியதுதான் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"இடம் காலியாகலையே" என்றார் கார்லோ.

"என்ன சார்?"

"இவ்வளவு பெரிய ஃபைலைத் தூக்கியிருக்கேன். டிஸ்க்ல இடம் வந்திருக்கணுமில்ல? வரல." முன்னால் சாய்ந்தார். முகம் மாறிப்போயிருந்தது. ரொம்ப நாள் கழித்து என் அண்ணனைப் பார்த்தேன், கணினி மையத்தில் எல்லாரும் பயந்து மரியாதை வைத்திருந்த அந்த ஆளை. "எவனோ பிடிச்சுக்கிட்டிருக்கான்யா. விட மாட்டேங்கறான்."

விரல்கள் பறந்தன. ஒரு பட்டியல் வந்தது, இன்னொன்று வந்தது. ஓடுகிற நிரல்களில் எது அழிந்த கோப்பைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. "மாட்டுனான்" என்றார். கில் என்று தட்டினார், ஓடுகிற நிரலை நிறுத்துகிற கட்டளை. பக்கத்தில் அந்த நிரலின் எண்ணையும் தட்டினார். இனி எண்டர் ஒன்றுதான் பாக்கி.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் சிரித்தது. இந்தப் பக்கம் அவர் சுண்டுவிரல் எண்டர் மேல் இருந்தது.

கையைப் பிடித்துத் தடுக்கலாம். ஆனால் வசந்த காலத்தில் வந்த நர்ஸ் பெண் அவர் விசைப்பலகையைத் தொட்டதற்கு, பலகையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, உள்ளாடையோடு ஏரிக்குள் இறங்கிவிட்டார். நான் கையைப் பிடித்தால், திமிறுகிற வேகத்தில் அவர் விரல் எங்கே விழும்? கத்தலாம். கத்தினால் திடுக்கிட்டு அழுத்திவிடுவார். ஹில்க்காவைக் கூப்பிடலாம். அவர் என்ன என்று எழுந்து வரும்போது பதற்றத்தில் ஒலிப்பானை மூடிவிட்டு வந்தால்? என் மூளை அவ்வளவு வேகமாக ஓடியதே இல்லை, ஓடியும் ஒரு இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் வாய்தான் தானாகப் பேசியது.

"சார், யூசருக்குச் சொல்லிட்டீங்களா?"

விரல் நின்றது.

அது மையத்தில் அவர் கொண்டுவந்த சட்டம். யாருடைய நிரலாக இருந்தாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், அவர்களுக்கு ஒரு வரி எழுதிச் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. ஒருத்தர் வாரக்கணக்கில் ஓட்டுகிற கணக்கு நமக்கு வெறும் எண், அவருக்கு அது என்னவென்று நமக்குத் தெரியாது என்பார். சொல்லாமல் நிறுத்திய ஒரு பையனை, நல்ல வேலைக்காரன் என்றும் பாராமல், டேப் அறைக்கு மாற்றிவிட்டார். அந்தப் பையன் நான்தான்.

கார்லோவின் காதுமடல் சிவந்தது. "சொல்லல" என்றார். "நல்ல வேளை ஞாபகப்படுத்தினே. வயசாகுதுப்பா." தட்டிய வரியை எழுத்து எழுத்தாக அழித்தார். நிரலை ஓட்டுவது யார் என்று பார்த்தார். ஹில்க்கா என்று இருந்தது. அந்தப் பெயர் அவர் முகத்தில் எதையும் அசைக்கவில்லை. ஹில்க்காவின் திரைக்கு நேராக ஒரு செய்தி எழுதினார், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக.

'ஹில்க்கா அவர்களுக்கு. நீங்க ஓட்டற புரோகிராம் அழிச்ச ஃபைல் ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. பத்து நிமிஷத்துல நிறுத்தலாம்னு இருக்கேன். ஆட்சேபம் இருந்தா எழுதுங்க. கார்லோ, கணினி மையம்.'

அனுப்பினார். அடுத்த அறையில் பேச்சு பாதி வார்த்தையில் அறுந்தது.

நாசமாய்ப் போச்சு என்று நினைத்தேன். நிறுத்தி வைத்திருக்கிறாரா, மூடிவிட்டாரா? நிறுத்தியிருந்தால் பிடி இருக்கும். மூடியிருந்தால் எல்லாம் முடிந்தது. குயில்கூட அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டது. கார்லோ மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு திரையைப் பார்த்திருந்தார், பத்து நிமிஷம் என்று சொன்னால் பத்து நிமிஷம் காத்திருக்கிற மனிதர். நான் நகத்தைக் கடித்தேன். அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிடவில்லை, காலடிச் சத்தம் இல்லை. அவர் அங்கே அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் பெயரைச் சொல்லி அண்ணன் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார்.

பதில் வந்தது.

'தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. அது என் வீட்டுக்காரர் குரல். எங்கிட்ட வேற பிரதி இல்லை.'

கார்லோ இரண்டு முறை படித்தார். "வீட்டுக்காரராம்" என்றார் என்னிடம், ஏதோ ரகசியம் போல. "நான் யாரோ தறுதலைன்னு நினைச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "செத்துட்டாராப்பா?"

"இல்ல சார். தூரத்துல இருக்காரு."

"வருவாரா?"

"தெரியல சார்."

"பாவம் அந்தம்மா" என்றார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு எழுதினார். 'மன்னிக்கணும். பாக்காம அழிச்சது என் தப்பு. புரோகிராமை மட்டும் மூடிடாதீங்க. ஃபைலை மீட்டுத் தர்றேன். என்ன பேர்ல வைக்கட்டும்?'

'பழைய பேர்லயே. கார்லோ.'

"அட, என் பேரு" என்றார். "இந்த நாட்டுல கார்லோவுக்கா பஞ்சம்?" அந்தப் பெயரையே தட்டினார். நிரலின் கைக்குள் இருப்பதை எடுத்து, கார்லோ என்ற பெயரில் வை என்று கட்டளை கொடுத்தார். ஒரே வரி. நானாக இருந்தால் நாலு தடவை தப்பாகத் தட்டியிருப்பேன்.

பெரிய கோப்பு, பழைய இயந்திரம். கட்டளைக்குக் கீழே வரி காலியாகக் கிடந்தது, குறி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. இதில் இத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது. வேலை முடிந்தால் வாயைத் திறக்கும், அதுவரை ஒன்றும் சொல்லாது, எங்கள் வீட்டு ஆண்களைப் போல. அலமாரிக்குள் டிஸ்க் கொறித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர், அந்தப் பக்கம் அவர், எல்லோரும் அந்தக் கொறிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் ஏரி மேல் இரண்டு அன்னங்கள், நீரில் பின்னால் நீளமாகக் கிழித்துக்கொண்டே போயின. கரன்ட் மட்டும் போய்விடக் கூடாது என்று, கோயிலுக்கே போகாத நான், யாரையோ வேண்டிக்கொண்டேன்.

கட்டளை வரி திரும்பி வந்தது. கார்லோ நம்பவில்லை. பிடியில் இருந்ததன் அளவையும் புதிதாக வந்ததன் அளவையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் திரையைத் தொட்டு ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தார். எல்லாம் ஒத்துப்போயின. பிறகு, நான் கேட்காமலே, அந்தக் கோப்பை யாரும், அவரே தவறிக்கூட, அழிக்க முடியாதபடி ஒரு பூட்டும் போட்டார். 'முடிஞ்சது. இனிமே பயமில்லை' என்று எழுதினார்.

'நன்றி' என்று வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு வரி. 'நீங்க எப்பவும் இப்படித்தான்.'

கார்லோ அதைப் பார்த்தபடி இருந்தார். "என்னைத் தெரியுமோ இந்தம்மாவுக்கு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி அன்னங்களைத் தேடினேன்.

"ஃபைலை அழிச்சது நான். எழுதிட்டு உக்காந்திருந்தா போதுமா? நேர்ல ஒரு வார்த்தை சொல்றதுதான் மரியாதை." நாற்காலியிலிருந்து எழுந்தார். மடியில் இருந்த அப்பத் துணுக்குகளைத் தட்டிவிட்டார். "எந்தக் கட்டடத்துல உக்காந்திருக்காங்க?"

"பக்கத்து ரூம்தான் சார்."

"இவ்வளவு பக்கத்துலயா?" ஆச்சரியப்பட்டார். சட்டையைக் குனிந்து பார்த்து, தப்பான பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, நான் உதவிக்குப் போகவில்லை. உள்ளங்கையில் எச்சில் தொட்டு, நெற்றியில் தொங்கிய முடியைப் படிய வாரிக்கொண்டார்.

கதவைத் தட்டினார், மெல்ல, இரண்டு தட்டு.

"யாரு?" என்றார் ஹில்க்கா. அந்தக் குரல் அழுதிருந்தது.

கார்லோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உள்ள வரலாமாங்க? நான் கார்லோ."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. கதவுக்கு அடியில் தெரிந்த வெயில் கோட்டில் இரண்டு கால்களின் நிழல் வந்து நின்றது. கதவு இன்னும் திறக்கவில்லை. அண்ணன் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, முதல் நாள் வேலைக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து, அந்த நிழலைப் பார்த்தபடி நின்றார்.